நான்காவது குச்சி

கோடை உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. விருந்துக்கு வந்த மேலதிகாரியின் கார் தெருமுனை திரும்பியதும், அவர் சாப்பிட்டு வைத்த தட்டை அவள் எடுத்தாள். அதிலிருந்த குச்சிகளை இரண்டு முறை எண்ணினாள்.

"என்னங்க, குச்சி மூணுதான் இருக்கு."

காலையிலிருந்து அவள் பட்ட பாடெல்லாம் அந்தத் தட்டுக்காகத்தான். வாட்டிய ரொட்டி மூன்று, ஓரம்வரை வெண்ணெய், கீழடுக்கில் கோழி, மேலடுக்கில் முட்டையும் தக்காளியும். அடுக்கு குலையாமல் நான்காக வெட்டி, துண்டுக்கு ஒரு சிறு மூங்கில் குச்சி குத்தியிருந்தாள்.

"மேஜைக்கு அடியில பாரு," என்றான் கணவன்.

"பாத்துட்டேன். குப்பைக்கூடையையும் கொட்டிப் பாத்துட்டேன். போன்ல பேசிக்கிட்டே தட்டோட வாசப்பக்கம் போனாரே... பேச்சு மும்முரத்துல முழுங்கியிருப்பாரோ?"

அவன் முகம் வெளிறியது.

"உடனே கேளுங்க. குடல்ல குத்திச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"என்னன்னு கேக்க? 'நீங்க சாப்பிட்டதை எண்ணிப் பாத்தோம், ஒண்ணு குறையுது'ன்னா? சிரிக்கிறதுக்கே ரசீது கேக்கிற மனுஷன்! நாளைக்கு என் பதவி உயர்வுல அவர்தான் கையெழுத்துப் போடணும். பேசாம இரு."

"உங்க உயர்வைவிட அவர் குடல் முக்கியங்க."

அவன் தடுப்பதற்குள், மேஜையில் கிடந்த அவன் கைபேசியை எடுத்து அழுத்திவிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுப்பா."

"சார், நான் அவர் சம்சாரம் பேசறேன். தப்பா எடுத்துக்காதீங்க. சாண்ட்விச்சுல குத்தின குச்சி ஒண்ணு குறையுது. தொண்டையில, வயித்துல ஏதாவது..."

கணவன் கண்களை மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாலாவது துண்டை நான் சாப்பிடல. என் டிரைவர் ரெண்டு மணி நேரமா உங்க வாசல்ல, கார்லயே உட்கார்ந்திருந்தார். போன் பேசற மாதிரி போய் அவருக்குக் குடுத்துட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் சொல்லல."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கார் நின்றிருந்த இடத்தில் மருந்துக்குக்கூட நிழல் இல்லை.

கையெழுத்து திங்களன்றே விழுந்தது. குச்சி வந்தது புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. கழுவித் துடைத்து, காகிதத்தில் மடித்து, டிரைவரே கொண்டுவந்து நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எண்ணிக்கை குறையுதுன்னு அன்னைக்கு ரொம்பப் பதறிட்டீங்களாமே!"