ஜன்னலைப் பார்த்த குழாய்

ஞாயிற்றுக்கிழமை அதுவுமாய் பக்கத்து வீட்டு பிளம்பர் தன் வேலையைக் காட்டிவிட்டான். அவன் கொல்லையில் கிளம்பிய கறிப்புகை மதிலைத் தாண்டி, நேராக அவள் கணவர் படுத்திருந்த அறைக்குள் புகுந்தது.

அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். வாசனை தாங்காமல்தான் மூடிக்கொண்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

போன வருஷம் பக்கவாதம் வந்து போனதில், கையும் காலும் பாதி மீண்டன. பேச்சு குழறலாகத் திரும்பியது. தொண்டை மட்டும் திரும்பவே இல்லை. ஒரு மடக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியாது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் ஆகாரம்.

லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷர்தான், ஆனால் நாக்கு ராஜா வீட்டு நாக்கு. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சி, "என்ன, வெங்காயம் கருகுதே?" என்பார். வந்ததும் வராததுமா நொட்டை சொல்ல வேண்டியது என்று அவள் சண்டைக்குப் போவாள். அந்த நொட்டைக்காக இப்போது எவ்வளவு ஏங்குகிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சாப்பிட முடியாதவர் மூக்கில் சமையல் வாசனை படலாமா? அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள்முதல் அந்த வீட்டில் எதையும் வறுப்பதில்லை, வதக்குவதில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்து, பின்கதவுப் படியில் உட்கார்ந்து விழுங்கிவிட்டு, வாய் கொப்பளித்த பிறகுதான் அவர் பக்கத்தில் போவாள். அப்படிக் கட்டிக்காத்த வீட்டில்தான் இவன் புகை போடுகிறான்.

அவன் அந்தக் கறி சுடும் அடுப்பைக் கட்டியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காயலான் கடையில் கிடந்த இரும்பு டிரம். உள்ளே நெருப்பு போட்டு அழுக்கையெல்லாம் எரித்தான். காற்றுக்கு அடியில் ஓட்டைகள், நடுவில் யாரோ தூக்கிப்போட்ட அடுப்பின் கம்பித்தட்டு, காலுக்குப் பதில் செங்கல். மூடியில் ஓட்டை போட்டு, வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சிய பழைய இரும்புக் குழாயைப் புகைபோக்கியாகச் செருகினான். எல்லாமே ஓசி, இதில் ஜம்பம் வேறு என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயின் நுனியில் எல்போ என்கிற வளைவுத் துண்டை மாட்டி, அதன் வாயை அவர்கள் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான். பின்னால் அத்தனை வெட்டவெளி கிடக்கிறது, இவனுக்கு இந்தப் பக்கம்தானா கிடைத்தது? விறுவிறுவென்று கிளம்பினாள்.

டிரம் பக்கத்தில் குந்தியிருந்த பிளம்பர், "வாங்க அண்ணி" என்று எழுந்தான்.

அவள் பொரிந்து தள்ளினாள். பக்கவாதம் வந்த அன்றைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனுக்கு, இன்றைக்கு அவர் மூக்குக்கு நேரே கறி சுட எப்படி மனசு வந்தது என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

"அப்படி என்ன விருந்து நடக்குதுன்னு நானும் பார்க்கிறேன்." அங்கே கிடந்த துணியைச் சுற்றிப் பிடித்து மூடியைத் தூக்கினாள்.

விருந்து ஒன்றும் இல்லை. கறிக்கடையில் கழித்துப்போட்ட கொழுப்பு, ரெண்டு எலும்பு, பிளந்த வெங்காயம் ஒன்று. ஒரு பூனைக்குக்கூடக் காணாது.

"யாருக்குப்பா இது?"

"அண்ணனுக்குத்தான் அண்ணி."

அவள் மூடியைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்போ ஜன்னல் வழியா கூப்பிட்டார். ஓட்டையை எங்க போடணும், மூடி எப்படி உட்காரணும், எல்லாம் அவர் சொல்லித்தான் செஞ்சேன். குழாயை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னதும் அவர்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

பிளம்பர் தயங்கினான். "எனக்காக அவ வாயைக் கட்டிக்கிட்டு இருக்கா, அது வேண்டாம்னு சொன்னா ஒடிஞ்சு போயிடுவான்னார். சாப்பாடு போனதைக்கூடத் தாங்கிக்கிட்டாராம் அண்ணி. வீட்டுல வாசனையே இல்லாமப் போனதைத்தான் தாங்க முடியலையாம்."

அவள் மூடியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள். கணவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. வெங்காயத்தை அரிந்து போட்டாள். கண்ணீருக்கு வெங்காயத்தின்மேல் பழி போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது. அப்பாவி மனுஷரை ஒரு வருஷமாய்ப் பட்டினி போட்டிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க, கரண்டியால் கிளறவும் மறந்து நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. குழறல்தான், ஆனால் அதே பழைய அதிகாரம்.

"என்ன... வெங்காயம்... கருகுதே?"