ஒரு சொட்டுகூட வேண்டாம்

"சாவி எங்கம்மா? பொம்மை முதுகுல திருகுவோமே, அந்தச் சாவி?"

கேட்டுவிட்டு மாணிக்கவாசகம் தானே சிரித்துக்கொண்டார். நீரஜாவும் சிரித்து வைத்தாள். காலையிலிருந்து இப்படிச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் வலித்தது.

நந்தனத்தில், அண்ணா சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த சந்தில் அந்த ஷோரூம். மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார். ஊருக்குள் போய்வர மட்டும். விலையும் கைக்கு அடக்கம். வந்தவர்கள் பானெட்டைத் தட்டிப் பார்த்தார்கள், குழந்தையை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒரு வண்டிகூட நகரவில்லை.

"இந்த மாசமும் விக்கலைன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்" என்று மேனேஜர் ஸ்ரீநாத் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியை நம்பி வந்தவள் நீரஜா.

"யாருக்கு சார் வண்டி?"

"பொண்ணுக்கு. காலேஜ் போறா. இதுல போய் இறங்கினா காலேஜே கூடி நின்னு சிரிக்கும். சரி, எடு. ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்."

கதவைச் சாத்தினார். "தகர டப்பா" என்றார். ஃபைபர் என்று சொன்னாள். "அப்ப பிளாஸ்டிக் டப்பா" என்றார்.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

"ஸ்டார்ட் பண்ணலியா?"

"ஓடிட்டிருக்கு சார்."

"சத்தமே இல்லையே! பொணத்த எடுத்துட்டுப் போறப்போகூட மேளச் சத்தம் கேக்கும்."

நீரஜா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சேமியர்ஸ் ரோடு தாண்டி லஸ் பக்கம் திரும்பும்போது, வழியை மறித்து நின்ற ஆட்டோக்காரர் வெளியே தலையை நீட்டினார்.

"இன்னாக்கா, குட்டி மட்டும் தனியா போய்க்கினு கீது? தாய் எங்க கீது?"

மாணிக்கவாசகம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியா? ஊரே சொல்லுது."

குளத்தங்கரையில் வண்டி வருவதே தெரியாமல் ஒரு மாமி குறுக்கே வந்துவிட, நீரஜா ஹாரன் அடித்தாள். அந்த ஹாரனுக்கும் கிடைத்தது: "கொசு மாதிரி கத்துது."

சீட்டுக்குத் திட்டு, பிக்கப்புக்குத் திட்டு, பாட்டரிக்குத் திட்டு. நடுவில் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டார்.

"பெட்ரோல் ஒரு சொட்டுகூட வேணாமா?"

"வேணாம் சார்."

"அவசரத்துக்கு? சார்ஜ் தீந்துபோச்சுன்னா, ஒரு லிட்டர் ஊத்தி வீட்டுக்கு வர முடியாதா?"

"டேங்கே கிடையாது சார். வீட்டுல ராத்திரி சொருகி வெச்சா, மறுநாள் முழுக்க ஊருக்குள்ள சுத்தலாம்."

"ம்... டேங்கே கிடையாது." ஏதோ பெரிய குறையைக் கண்டுபிடித்தவர்போல் உதட்டைப் பிதுக்கினார். கொஞ்ச தூரம் போனதும் அதையே மறுபடி கேட்டார்.

அடையாறு பாலத்தில் ஏறும்போது வண்டியின் வேகம் குறைந்தது. பின்னால் பல்லவன் பஸ் ஹாரனை அலறவிட்டது.

"இறங்கித் தள்ளட்டுமா?" என்றார் மாணிக்கவாசகம்.

அத்தோடு நீரஜாவின் பொறுமை முடிந்தது. பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள்.

"சார், பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. உங்களுக்கு இது தமாஷ். இந்த வண்டி விக்கலைன்னா எனக்கு வேலை கிடையாது. பெட்ரோல் கார்தான் ஒசத்தின்னா அதையே வாங்கிக் குடுங்களேன். எதுக்கு என்னையும் சுத்த வெச்சு, வழியெல்லாம் அசிங்கப்படுத்தறீங்க?"

அவர் கொஞ்சம் தள்ளித் தெரிந்த பெட்ரோல் பங்க்கைக் காட்டினார். "அதுக்குள்ள விடு."

நீரஜாவுக்கு முகம் எரிந்தது. இத்தனை போதாதென்று, மின்சார வண்டியைப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி வேடிக்கை காட்ட வேண்டுமாம். ஷோரூமுக்குப் போனதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே திருப்பினாள்.

நினைத்தபடியே நடந்தது. பம்ப் பக்கத்தில் நின்றிருந்த இருவரும் ஓடிவந்தார்கள். "இன்னாக்கா, இதுக்குப் பாலாடையிலயா ஊத்தணும்?" என்றான் ஒருவன். வரிசையில் நின்ற ஸ்கூட்டர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

மாணிக்கவாசகம் கதவைத் திறந்து இறங்கினார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. கேலி செய்தவன் தோளில் கிடந்த துண்டை அவசரமாக இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். "வணக்கம் மொதலாளி!"

அவனைக் கண்டுகொள்ளாமல், அவர் நீரஜா பக்கம் ஜன்னலில் குனிந்தார். கேலியெல்லாம் எங்கோ போயிருந்தது.

"போன வாரம் என் பொண்ணோட வண்டி மவுண்ட் ரோட்டுல நடுவுல நின்னுபோச்சு. பின்னால லாரி. மயிரிழையில தப்பிச்சா. டேங்க்கைக் கழட்டிப் பாத்தா, பாதிக்கு மேல கெரசின். நம்ம பங்க்ல போட்டதுதான்." காரின் கூரையைத் தடவினார். "இந்தக் கார் நாளைக்கே வீட்டுக்கு வந்துடணும்மா."

நீரஜாவால் நம்ப முடியவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. "வேற பங்க்ல பெட்ரோல் போட்டுக்கலாமே சார்?"

"வேற பங்க்கா?" மாணிக்கவாசகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவனுங்களுக்கெல்லாம் கலக்கக் கத்துக் குடுத்ததே நான்தாம்மா!"