பென்டிரைவுக்கு வைத்த சந்தனம்

அமிர்தவல்லி டீச்சர் கணக்குக் கேள்வித்தாளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டார். அன்று ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்கு நெற்றியில் பொட்டு வைத்தார். பென்டிரைவுக்கு நெற்றி எதுவென்று தெரியாததால், பளபளவென்று இருந்த முனையில் சந்தனத்தை அப்பினார்.

"பார்த்தீங்களாண்ணே, உங்களுக்கு நெத்தியோட சரி. எனக்கு வாய் நிறைய!" என்று, சந்தனம் காயும்வரை பென்டிரைவ் பீற்றிக்கொண்டது.

மறுநாள் காலை அச்சகத்து ஆள் கேள்வித்தாளுக்காக வாசலில் வந்து நின்றார். டீச்சர் அவசரமாகப் பென்டிரைவைச் செருகினார்.

"யாருப்பா நீ?" என்றது கம்ப்யூட்டர்.

"ம்ம்... ம்ம்ம்..."

"வாயைத் திறந்து சொல்லு. பேர் சொல்லாதவனை நான் உள்ளே விடறதில்லை."

பென்டிரைவ் தவித்தது. கேள்விகளெல்லாம் வயிற்றில் பத்திரமாகத்தான் இருந்தன. டீச்சர் அதைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படியும் துடைத்துவிடுவார் என்று அதற்கு நம்பிக்கை வந்தது.

"நேத்து அரைகுறையா கும்பிட்டேன். அதான் கோபம்போல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, டீச்சர் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.