கம்பிப் பல்லுப் பேய்

“செத்த பிள்ளையைப் பேயெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாய். உனக்கு நெஞ்சில ஈரமில்லையோ?”

கனகரத்தினம் கத்தியும் மனைவி கமலேஸ்வரி அசையவில்லை.

“உள்ளதைத்தானே சொல்லுறன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிய, அந்த வீட்டில பல்லுத் தேய்க்கிற சத்தம் கேக்குது.”

பக்கத்து வீட்டு அன்னலட்சுமியின் மகள் சுகந்தினி, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தவள். மூதூரிலிருந்து வந்த வள்ளம் கவிழ்ந்து கடலோடு போய்விட்டாள் என்று தாய் தலையிலடித்து அழுதாள். உடல் கிடைக்கவில்லை. படத்துக்கு மாலை போட்டுச் சடங்கும் முடித்தாயிற்று.

இப்போது துறைமுகத்து மதிலோர ஒழுங்கையால் பிள்ளைகள் வருவதில்லை. மீன்காரர் ஆதம்பாவாவும் அந்த வீட்டுப் படலை வாசலில் சைக்கிளை நிறுத்துவதில்லை. எல்லாம் கமலேஸ்வரியின் வாயால் வந்த வினை.

கனகரத்தினத்துக்கு வெட்கமாகப் போயிற்று. அன்னலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்க எழுந்து போனார்.

அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

சர்... சர்... சர்...

பூட்டிய அறைக்குள் ஏதோ கம்பியில் உரசியது. பிறகு யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

கனகரத்தினம் திரும்பி ஓடிவந்தார்.

அந்த நேரம் பார்த்து அன்னலட்சுமி வீட்டு வாசலில் வெள்ளை வான் வந்து நின்றது. சுகந்தினியின் தமையன் அகப்படாததால் அவளைப் பிடித்துக்கொண்டுபோக முந்தியும் வந்த அதே வான். துவக்கோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

கமலேஸ்வரி குறுக்கே போனாள்.

“தம்பிமார், உள்ளுக்குப் போகாதேங்கோ. கடல் கொண்டுபோன பெட்டை. நேற்றும் யன்னலுக்குள்ள வாயைத் திறந்துகொண்டு நிண்டவள். பல்லெல்லாம் கம்பி.”

சர்... சர்...

ஒருவன் கழுத்துத் தாயத்தைப் பிடித்தான். மற்றவன் ஏற்கெனவே வானில் ஏறியிருந்தான்.

வான் மறைந்தது. கனகரத்தினம் கதிரையில் விழுந்தார்.

“மெய்தானப்பா. பேய்தான்.”

கமலேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்தாள்.

“பேய்க்குப் பல்லு முரசு வீங்குமோ? தேய்க்காமல் விட்டு வீங்கினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேக்குது. சனம் யோசிக்க முந்தி நானே பேயெண்டு சொல்லிப்போட்டன்.”

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போகேக்க, கம்பிக்கிடையில விட்டுத் தேய்க்கிற சின்ன பிரஷ் ஒண்டு வாங்கியாங்கோ. பிள்ளையின்ர பழசு தேஞ்சுபோச்சு.”