முத்துக்கரையின் முதல் காலை

கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனாலும் துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறிக்கொண்டிருந்தது.

வக்கீல் அருமைநாயகம் கரையில் நின்று அதைப் பார்த்தார். வெள்ளைக்காரன் போய் மூன்று மாதம். முத்துக்கரை தனி நாடு என்று அவர் அறிவித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மணியாச்சி ரயில் பாதையில் தந்திக் கம்பியை அறுத்தபோது, அது சுருண்டடித்துக் கிழித்த காயம்.

ஏழு மணிக்கு அந்த மரத்தில் புது நாட்டின் கொடி ஏற வேண்டும். கொடியைப் பார்த்ததும் இருநூறு தோணிகள் புறப்பட்டு, ஐந்து மைல் வெளியே நங்கூரமிட்டிருக்கும் சர்க்கார் கப்பல்கள் இரண்டையும் வளைக்க வேண்டும். மதியத்துக்குள் கப்பல்கள் கைக்கு வந்தால் கொழும்பு இந்த நாட்டை ஏற்றுக்கொள்ளும். அதற்காகவே முத்துக்கரையின் ஆள் ஒருவர் பத்து நாளாகக் கொழும்பில் தங்கியிருந்தார்; அவருக்காகக் கடலடியில் போகும் கொழும்புக் கம்பியை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தார்கள். கப்பல்கள் சிக்காவிட்டால், பட்டாளம் வந்து இறங்கி, எல்லாம் முடிந்துவிடும்.

தோணிகளின் தலைவர் தண்டல் ரோச், கூண்டைப் பார்த்துக்கொண்டே தண்ணீரிலிருந்து ஏறி வந்தார்.

“கூண்டு ஏறிட்டு, வக்கீலய்யா. இனி ஒருத்தனும் எறங்க மாட்டான்.”

“கடலைப் பாரும் ரோச். எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கு. இதுக்கா பயப்படுதீரு?”

“கடலுக்கு எவன் பயந்தான்? கூண்டுக்குத்தான் பயம். எங்கப்பன் அதை மதிக்காம போனவன், இன்னும் வரல.” ரோச் வானத்தைக் காட்டினார். “கடல்காக்கா ஒண்ணுகூட வெளிய போகல, பாத்தியளா? ஒங்க நாசரேத்துப் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாவ.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதல் தோணியில் இருந்த அருமைநாயகத்தின் மகன் தனராஜ் மட்டும் சிரிக்கவில்லை. “என்னப்பா செய்யணும்?” என்று கேட்டான். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவின் நாட்டுக்காக வந்தவன்.

“அங்கனயே இரு. இப்ப வாரேன்.”

கொடிமேடையில் கிருபாநிதி கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். இருபது வருஷமாகத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறவர். நாடு மாறியதைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“யாரைக் கேட்டு ஏத்துனீரு?”

“தந்தி வந்திருக்கு அய்யா. சேவகன் இப்பத்தான் குடுத்துட்டுப் போறான்.”

“மெட்ராஸ்காரன் தந்தியா?”

“புயல் தந்தி எப்பவும் அங்கன இருந்துதான வரும். நான் நம்பரைப் பாப்பேன், கூண்டை ஏத்துவேன். என் சோலி அம்புட்டுத்தான்.”

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. இருநூறு தோணிகளைக் கலைக்க ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை. ஒரு காகிதம் போதுமாக இருந்திருக்கிறது. கிருபாநிதி நீட்டிய தந்தியை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துப் போட்டார். காற்றே இல்லாததால் துண்டுகள் நேராக அவர் காலடியில் விழுந்தன.

“கூண்டை எறக்கும்.”

“மாட்டேன் அய்யா. துரைமாரு சொல்லியே நான் எறக்குனதில்ல.”

“அது அந்த நாட்டுல. இது வேற நாடு.”

“நாடு வேறயா இருக்கட்டும். கடல் அதேதான அய்யா?”

அருமைநாயகம் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். கிருபாநிதி கயிற்றை விட்டுவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிச்சை அருமைநாயகமே அவிழ்த்தார். கயிறு உராய்ந்து கைக்கட்டில் ரத்தம் கசிந்தது. கூண்டு இறங்கியது. சிப்பி போட்ட நீலக்கொடி ஏறி, உச்சியில் ஈரத்துணி போலத் தொங்கியது.

கரையிலிருந்து பெரிய சத்தம் எழுந்தது. ரோச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தோணியில் ஏறுவது தெரிந்தது. பாய் விரிக்கக் காற்றில்லை. இருநூறு தோணிகளும் தண்டு வலித்தே புறப்பட்டன. முதல் தோணியில் தனராஜ் எழுந்து நின்று மேடையைப் பார்த்துக் கையாட்டினான். அவரும் காயம்பட்ட கையைத் தூக்கி ஆட்டினார்.

தோணிகள் புள்ளிகளாகிக் கொண்டிருந்தபோது படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. தந்தி ஆபீஸ் குமாஸ்தா சுந்தர்சிங். இந்த நாட்டுக்காகச் சத்தியம் செய்து கொடுத்தவர்களில் ஒருவன். சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது.

“அண்ணாச்சி, கூண்டு எங்க? தோணியெல்லாம் எங்க?”

“போயாச்சுலே! மெட்ராஸ்காரன் பொய்த் தந்தி அடிச்சு நம்மள மடக்கப் பாத்தான். கிழிச்சுப் போட்டுட்டேன்.”

சுந்தர்சிங் அருமைநாயகத்தின் காலடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். பிறகு அவருடைய கைக்கட்டைப் பார்த்தான்.

துண்டுகளில் ஒன்று லேசாக அசைந்தது. மற்றவையும் சரசரவென்று மேடையின் விளிம்பை நோக்கி நகர்ந்தன. மேலே கொடி ஒருமுறை படபடத்து விறைத்து நின்றது. கிருபாநிதி சுவரோரத்திலிருந்து எழுந்து கடலைப் பார்த்தார்.

“மெட்ராஸ் கம்பியத்தான் நேத்தே அறுத்துட்டியளே, அண்ணாச்சி,” என்றான் சுந்தர்சிங். “இது கொழும்புல இருந்து வந்த தந்தி.”