கொக்கின் வினாத்தாள்

நூற்றுப்பத்து வயது ஆமைக்கு ஒரு நோயும் இல்லை. இருந்தும், அன்றாடச் சிக்கல்களைத் தானே சமாளிக்கிறதா என்று சோதித்து வரக் குளத்துச் சபை ஒரு கொக்கை அனுப்பியது. தேறாவிட்டால் ஆமை இனிமேல் தனியாகக் கிழக்குக் குளத்துக்குப் போகக் கூடாது. நேற்று வால் உதிர்ந்த தவளை ஒன்று கூடவே காவலுக்கு வரும்.

"பெரியவரே, முதல் கேள்வி. வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது. எப்படி உள்ளே போவீர்கள்?"

"தம்பி, என் வீடு என் முதுகில் இருக்கிறது. அதற்கு ஏது பூட்டு?"

"கேட்டதற்குப் பதில் இல்லை. பூஜ்யம். அடுத்தது. வழியில் வெள்ளம் வந்தால்?"

"நீந்துவேன்."

"தாளில் உள்ள விடை, 'மரத்தில் ஏறுவேன்' என்பது. பூஜ்யம்."

"மரத்திலா? இந்தக் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாயா? மூன்று குளங்களும் வற்றிய கோடையில் நான்காவதைக் கண்டுபிடித்தவன் நான். அன்று உன் சபை முழுவதும் என் பின்னால்தான் நடந்து வந்தது!"

'கோபப்படுகிறார்' என்று கொக்கு குறித்துக்கொண்டது. "கடைசிக் கேள்வி. வேண்டாத விருந்தாளி ஒருவர் வாசலில் நின்றுகொண்டு போகவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வீர்கள்?"

ஆமை தலையையும் நான்கு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

கொக்கு ஓட்டைத் தட்டியது. "பெரியவரே!" என்று கூப்பிட்டது. வெயில் ஏறும்வரை ஒற்றைக் காலில் காத்திருந்தது. பிறகு, 'மூன்றாவதற்கும் பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டு பறந்துபோனது.

சிறகுச் சத்தம் ஓய்ந்ததும் ஆமை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தனியாகக் கிழக்குக் குளத்துக்கு நடந்தது.