உள்ளங்கைக் கண்ணாடி

“ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்க, அப்படியே இறங்கிப் போயிடுவேன். அப்புறம் இந்தக் குன்றுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, ஆமா.”

அடிவாரத்திலேயே மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். ராக்கெட் பூம்பூம் மாடுமாதிரித் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவருக்கு டெப்போவில் வைத்த பெயர் அது. வேகத்தைக் கேலி செய்துதான். அவர் வண்டியைச் சைக்கிளில் போகும் குழந்தைகள் டாட்டா காட்டிவிட்டு முந்துவார்கள். ஒருமுறை ஒரு நத்தை பின்னாலிருந்து ஹாரன் அடித்து வழி கேட்டதாம்.

மனைவியோ தபால்காரி. கடிதப் பையோடு அவள் நடந்த தூரத்தை நீட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே நாலு வீட்டுக்குப் பதிவுத் தபால் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வந்துவிடலாம். முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்துவிட்டது என்பதற்காக, உட்கார்ந்தே பிழைத்த மனிதர் அவளுக்கு நடக்கச் சொல்லித்தந்தால் பொறுக்குமா?

போன மாதம் வந்தபோது கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் பாதியில் இறங்கினாள். போன வாரம் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அன்றும் பாதி.

இன்றும் ஏறாவிட்டால் இனி வாசற்படியோடு நடையை நிறுத்திக்கொள்வாள். அது அவருக்குத் தெரியும்.

குன்று ஒன்றும் பிரமாதமில்லை. அதைக் குன்று என்று சொன்னால் நிஜக் குன்றுகள் கோபித்துக்கொள்ளும். தள்ளுவண்டியில் கைக்குழந்தையை உருட்டிக்கொண்டே ஏறிவிடலாம். ஆனால் மேலே போய்விட்டால் மூன்று பக்கமும் கடல். அங்கிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் நாளை வரப்போகிற கப்பல் இன்றைக்கே தெரியும் என்பது ராக்கெட்டின் கட்சி.

கண்ணுக்கு வெயிலை மறைப்பவர்போல உள்ளங்கையைத் தூக்கினார்.

உள்ளங்கைக்குள் சின்ன வட்டக் கண்ணாடி. அவர் கடைசியாக ஓட்டிய பேருந்தில் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று கேட்டு வாங்கியது. அதற்குள் கட்டைவிரல் உயர மனைவி ஒருத்தி, கைத்தடியை ஊன்றி, பாதையின் நட்டநடுவில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“அடேயப்பா, கடலைப் பாரு!” என்றார், கடலைப் பார்க்காமலே.

அவள் நின்றால் இவர் செருப்பு வார் அவிழ்ந்தது. அவளுக்கு மூச்சு வாங்கினால் இவர் பறவை பார்த்தார். பறவை அகப்படாதபோது மேகம்.

கடைசி வளைவில் கண்ணாடி காலியாக இருந்தது.

பாதை இருந்தது. கீழே கடல் இருந்தது. அவளைக் காணோம்.

இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். விழுந்துவிட்டாளா? திரும்பினால் எல்லாம் போச்சு. திரும்பாமல் நின்று, அவள் அங்கே கிடந்தால்? நெஞ்சு பழைய டீசல் இஞ்சின்போல உதறியது.

திரும்பிவிட்டார்.

பின்னால் யாருமே இல்லை.

“திரும்பிட்டீங்க, பாத்தீங்களா!”

குரல் மேலேயிருந்து வந்தது. பெஞ்சில் அவள், கைத்தடி மடியில், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக.

அந்த வளைவைச் சுற்றாமல் மரங்களுக்கு நடுவே நேராக ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. குறுக்கு வழியைக் கண்டும் சுற்றிப் போன தபால்காரி உலகத்திலேயே கிடையாது.

கண்ணாடியிலிருந்து காணாமல் போகிற வண்டி நம்மை முந்திக்கொண்டிருக்கிறது என்பது ஸ்டியரிங்கைத் தொட்ட முதல் நாள் பாடம். முப்பத்தோரு வருடச் சர்வீஸுக்கு அது மறந்துபோயிருந்தது.

கண்ணாடியைப் பாக்கெட்டுக்குள் நழுவவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் கையை நீட்டினாள்.

“எடுங்க அதை. வெயில் முதுகுல அடிக்குது, இவரு கண்ணுக்கு மறைப்பு வைக்கிறாராம்! அடிவாரத்துலேருந்தே பளிச்சுப் பளிச்சுன்னு என் மூஞ்சியிலதான் அடிச்சுக்கிட்டு வருது.”

“தெரிஞ்சுதா? அப்ப ஓரமா வர வேண்டியதுதானே. ஓரம் பூரா மர நிழலு.”

“ஓரமா வந்தா உங்களுக்குத் தெரிய மாட்டேனே.”

ராக்கெட்டுக்குச் சட்டென்று கடல் மங்கலாகிவிட்டது. நாளைக்குரிய கப்பல் மட்டுமல்ல, இன்றைக்குரியதுகூடத் தெரியவில்லை.

இறங்கும்போது அவள் முன்னால் நடந்தாள், உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்தபடி.

பின்னால் அவர், சுள்ளென்ற வெயிலில், பாதையின் நட்டநடுவில், ஓர் அங்குலம்கூட நிழலுக்கு ஒதுங்காமல் இறங்கி வந்தார்.